நெருப்புக்குப் பின்னால் வந்த சேறு

‘மாவட்டம்’ என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் தீயணைப்புக்கென்றே தனி மாவட்டங்கள் உண்டு. நகராட்சி இல்லாத ஊருக்கும் தீயணைப்பு வண்டி வேண்டுமே! அதற்குக் கண்ட வழி இது. நிர்வாகக் குழுவை ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சொத்து வரியில் ஒரு பங்கு நேரே அதன் கணக்குக்குப் போய்விடும்.

கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பராவை ஒட்டியிருக்கும் மான்டெசிட்டோ அப்படியொரு ஊர். ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் சாண்டா இனெஸ் மலை. ஓப்ரா வின்ஃப்ரே வசிக்கும் ஊர், இளவரசர் ஹாரி குடியேறிய ஊர். 1917இல் தொடங்கிய அதன் தீயணைப்பு மாவட்டத்துக்கு வரிப் பணத்தில் குறை இருந்ததில்லை. ஏழை ஊர்களுக்கு இது வாய்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே தீயணைப்பு வீரர்களின் வேலையில் பாதி, தீப்பிடிக்காத நாட்களில் நடப்பது. வீடு வீடாகப் போய், கூரையில் சேர்ந்த சருகையும் சுவரில் உரசும் கிளையையும் காட்டுவார்கள். வெட்டிய கிளைகளை ஊரார் தெருவோரம் குவித்து வைத்தால், இயந்திரம் ஒன்று வந்து கடகடவென்று அரைத்துத் தூளாக்கிவிட்டுப் போகும். பார்க்கச் சாதாரண வேலைதான். ஆனால் 2008 நவம்பரில் ‘டீ ஃபயர்’ என்ற தீ மான்டெசிட்டோவிலும் சாண்டா பார்பராவிலுமாக 200க்கும் மேற்பட்ட வீடுகளைத் தின்ற பிறகு, அந்த இயந்திரச் சத்தத்தை யாரும் தொந்தரவாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பரீட்சை 2017 டிசம்பரில் வந்தது. 4ஆம் தேதி வென்டுரா கவுன்டியில் பற்றிய ‘தாமஸ் தீ’ மலைத்தொடர் வழியாகவே மேற்கே நகர்ந்து, 16ஆம் தேதி காலை பேய்க்காற்றோடு ஊரின் தலைக்கு மேல் வந்து நின்றது. நூற்றுக்கணக்கான வீடுகள் போய்விடும் என்பதுதான் கணக்கு. போனவை ஏழெட்டு. மொத்தம் 2,81,893 ஏக்கரை எரித்த அந்தத் தீ, வேறு ஊர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது.

ஊர் பிழைத்தது. மலை பிழைக்கவில்லை.

செடிகொடி கருகிய சரிவில், தீயில் வெந்த மண் தண்ணீரை உறிஞ்சாது. மெழுகுத் துணிபோல வழியவிடும். 2018 ஜனவரி 9, விடிய இன்னும் நேரமிருந்தது. மலைமேல் சில நிமிடங்களே கொட்டிய பெருமழையில் ஓடைகள் சேறாகப் புரண்டன. கார் அளவுப் பாறைகள் தெருவில் உருண்டு வந்தன. எரிவாயுக் குழாய் உடைந்து வானம் செக்கச்செவேலென்று ஆனது. சேறு வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முதலில் தெரிந்தது நெருப்பு. 23 பேர் இறந்தார்கள். 101ஆம் நெடுஞ்சாலை சுமார் இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. இத்தனைக்கும் தாமஸ் தீ முழுக்கக் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகு, ஜனவரி 12ஆம் தேதிதான்.

தண்ணீர்க் குழாய் பிடித்த கைகள் இடுப்பளவு சேற்றில் ஆட்களைத் தேடின. மழைக்கு முன் கட்டாயமாக வெளியேறச் சொன்ன பகுதியின் எல்லைக்கோட்டுக்குக் கீழே இருந்த வீடுகளிலும் பலர் இறந்திருந்தார்கள். வரைபடம் அங்கேதான் பிசகியது. அதன்பின் மழைக்காலமும் அந்த மாவட்டத்தின் வேலைப் பட்டியலில் ஏறியது. வானிலை எச்சரிக்கை, வெளியேற்ற வரைபடம் எல்லாம் தீக்கு இணையாகப் பேசப்பட்டன. சேறு வீடுகளை வாரிச்சென்ற ராண்டல் ரோட்டிலேயே, பாறைகளைத் தடுக்க கவுன்டி நிர்வாகம் பெரிய பள்ளம் ஒன்றை வெட்டியது.

2023 ஜனவரி 9. சரியாக ஐந்து வருடம், அதே தேதி. மீண்டும் அடைமழை. இம்முறை எல்லைக்கோடு எதுவும் கிடையாது. மான்டெசிட்டோ முழுவதற்கும் ஒரே உத்தரவு: உடனே வெளியேறுங்கள்.