ஜெரெஜாக் முதல் மைசெஜாத்ரா வரை

காலனிக் காலத்தில் நாகப்பட்டினத்துக் கப்பல் பினாங்கை நெருங்கியதும் அதில் வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கேபின் சீட்டுக்காரர்கள் பெரும்பாலும் நேரே ஜார்ஜ் டவுனில் இறங்கினார்கள். டெக்கில் படுத்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் ஜெரெஜாக் தீவுக்குப் போனார்கள். அம்மையோ காலராவோ இல்லை என்று உறுதியாகும்வரை அங்கேதான் இருப்பு. கரை ஏறலாமா என்பதை ஆளின் பெயர் தீர்மானிக்கவில்லை. புறப்பட்ட துறைமுகமும் அங்கே பரவிய நோயும் கையிலிருந்த சீட்டின் வகுப்புமே தீர்மானித்தன. நோயைத் தடுக்க வந்த விதி ஏழையைத்தான் முதலில் நிறுத்தியது.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோருக்கும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கொடுத்தார்கள். ஆனால் அட்டை மட்டும் போதவில்லை. வேலியிட்ட குடியிருப்பிலிருந்து பால்மரம் சீவக் கிளம்பியவரின் பையையும் சைக்கிளையும் வாசலில் சோதித்தார்கள். ஊரடங்கு நேரத்தில் நடமாடக் கூடாது, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் படையினருக்குப் போய்ச் சேரும் என்பதால் அரிசியும் வெளியே போகக் கூடாது. சில பகுதிகளில் கடைக்காரர் உணவு டின்னை விற்கும்போதே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின் நாள்கணக்கில் தாங்காது, வாங்கியவர் அன்றே சாப்பிட்டாக வேண்டும். இன்னும் சில இடங்களில் ஊருக்கே ஒரே அடுப்பில் சோறாக்கிப் பரிமாறினார்கள்.

ஆள் யார் என்பதோடு இடத்தையும் நேரத்தையும் பார்த்து அனுமதி தரும் இதே தர்க்கம் கணினிக்குள் நுழைந்தது பிற்பாடுதான். எங்கும் நிறைந்து, கண்ணில் படாமல் வேலை செய்யும் கணினிகளைப் பற்றி ஜெராக்ஸ் ஆய்வகத்தின் மார்க் வைசர் 1991இல் எழுதினார். மறு வருடம் ஃபெராயோலோ, கூன் என்ற இரு ஆய்வாளர்கள், பதவியைப் பார்த்து அனுமதி தரும் முறையை வகுத்தார்கள். ஆனால் வீட்டுக்குள் எல்லாமே கணினியாகிவிட்டால் பதவி மட்டும் எப்படிப் போதும்? ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டுவாக்கில் சூழலையும் சேர்த்துக்கொண்டார்கள். பழுது பார்க்க வருபவர் குறித்த நாளில், குறித்த நேரத்தில், வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் கருவியைத் தொடலாம். வெளியேறியதும் அனுமதி தானாகப் போய்விடும்.

அந்த ஏற்பாடு பினாங்கின் கடைவாசலுக்கே வந்தது கொரோனா காலத்தில். லெபோ பாசாரில் துணி வாங்கப் போனவரும் வாசலில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தை மைசெஜாத்ரா என்ற செயலியால் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் உள்ளே போனார். திரையில் அவருடைய ஆபத்து நிலை தெரிந்தது. 2021 ஆகஸ்டிலிருந்து தடுப்பூசி முழுதாகப் போட்டவர்கள் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற தளர்வும் அதே திரையை நம்பி வந்தது. உள்ளே விடாததற்குக் காரணம் அங்கேயே தெரிந்தது. ஜெரெஜாக்கில் காத்துக் கிடந்தவருக்கு அந்த மரியாதை கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. ஸ்மார்ட்போன் வாங்க வழியில்லாதவரின் சங்கடம் மட்டும் மாறவில்லை.

2022 மே 1 முதல் கடைவாசலில் ஸ்கேன் செய்யும் கட்டாயம் நீங்கியது. மக்கள் போய்வந்த இடங்களின் பதிவு யார் கையில் இருக்கிறது, செயலி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகள் அதற்குள் மலேசிய நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவரை போயிருந்தன.