வெஸ்னாத்: கேமரன் மலையை வியூக விளையாட்டாக மாற்ற முடியுமா?

கணினி வியூக விளையாட்டுகளில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது யாரோ ஆயத்தமாகச் செய்து வைத்த உலகம். வரைபடமும் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. அதில் ஒரு தோட்டம் வந்தால், அது பச்சை நிறத்தில் ஒரு கட்டம். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் வருமானம் தரும். அங்கே கொழுந்து பறிப்பவர் யார், மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் கணக்கில் வராது.

"அந்த விதியை நாமே மாத்தி எழுதினா என்ன?" என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா? அதற்கு இடம் கொடுக்கும் விளையாட்டுகளில் ஒன்று 'தி பேட்டில் ஃபார் வெஸ்னாத்'. இது இலவசம், திறந்த மூலநிரல் கொண்டது. 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னார்வலர்கள் இதை வளர்த்து வருகிறார்கள். இதில் என்ன இருக்கிறது, எதையெல்லாம் மாற்றலாம் என்பதை, பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

வெஸ்னாத் என்றால் என்ன?

டேவிட் வைட் என்ற நிரலாளர் 2003 ஜூன் மாதம் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். பழைய சேகா கருவியில் வந்த 'மாஸ்டர் ஆஃப் மான்ஸ்டர்ஸ்', 'வார்சாங்' ஆகிய விளையாட்டுகள் அவருக்குத் தூண்டுதலாக இருந்தன. 1.0 பதிப்பு 2005 அக்டோபரிலும், 1.18 பதிப்பு 2024 மார்ச்சிலும் வந்தன. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

சதுரங்கம் போல இதுவும் முறை வைத்து ஆடும் ஆட்டம். நீங்கள் காய்களை நகர்த்தி முடித்த பிறகு எதிராளி நகர்த்துவார். களம் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். கதையோடு கூடிய தொடர் ஆட்டங்களும் உண்டு, பலர் சேர்ந்து ஆடும் வசதியும் உண்டு.

ஒருமுறை இறக்கிவிட்டால் தனியாக ஆட இணையம் தேவையில்லை. ஒரே கணினியில் இருவர் மாறி மாறியும் ஆடலாம். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டாம். சிக்னல் வந்து வந்து போகும் மலைப்பகுதியில், வீட்டில் இருக்கும் சாதாரண மடிக்கணினிக்கு இது பெரிய வசதி.

ஆட்டத்தின் அடிப்படை விதிகள் என்ன?

முதலாவது, நிலம். சாதாரண மனிதக் காய் புல்வெளியில் நின்றால், எதிரியின் ஒவ்வொரு அடியிலிருந்தும் தப்ப 40% வாய்ப்பு. குன்றில் அது 50%, மலையில் 60%. ஆழமில்லாத தண்ணீரில் நின்றால் வெறும் 20%. ஆனால் மேட்டில் ஏறுவது சும்மா இல்லை. புல்வெளிக்கு 1 நகர்வுப் புள்ளி செலவானால் குன்றுக்கு 2, மலைக்கு 3.

இரண்டாவது, நேரம். ஒரு நாள் என்பது 6 சுற்றுகள். சில காய்களுக்குப் பகலில் தாக்கும் பலம் 25% கூடும், இரவில் 25% குறையும். வேறு சில காய்களுக்கு இது தலைகீழ்.

மூன்றாவது, கிராமம். களத்தில் ஆங்காங்கே இருக்கும் கிராமக் கட்டத்தை எந்தப் பக்கம் மிதிக்கிறதோ, அதன் வருமானம் அந்தப் பக்கத்துக்குப் போகும். காயமடைந்த காய் அங்கே தங்கினால் ஒரு சுற்றுக்கு 8 உயிர்ப்புள்ளி திரும்பக் கிடைக்கும்.

நான்காவது, அனுபவம். சண்டையில் தேறும் காய் அடுத்த நிலைக்கு உயரும். தொடர் ஆட்டங்களில் அதே காயை அடுத்த களத்துக்கும் அழைத்துப் போகலாம். அதனால்தான் ஒரு காயை இழப்பது இதில் வலிக்கும்.

மாடிங் செய்வது எப்படி?

இருக்கிற விளையாட்டை நம் விருப்பப்படி மாற்றுவதுதான் மாடிங். பல வணிக விளையாட்டுகளில் இதற்குக் கோப்புகளை உடைத்துத் திறக்க வேண்டியிருக்கும். வெஸ்னாத்தில் காய், களம், கதை, விதி எல்லாமே பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். இவற்றை எழுதும் முறைக்கு டபிள்யூஎம்எல் என்று பெயர், அதாவது வெஸ்னாத்தின் சொந்தக் குறிமொழி.

வேலையை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். வரைபடம் போட, விளையாட்டுக்குள்ளேயே ஒரு வரைபடத் தொகுப்பி இருக்கிறது. ஓவியச் செயலி மாதிரி கட்டங்களில் நிலத்தைப் பூசிக்கொண்டே போகலாம், நிரல் எதுவும் எழுத வேண்டாம். அடுத்தது புதிய காய்: பெயர், உயிர்ப்புள்ளி, நகர்வு, தாக்குதல் என்று சில வரிகளில் முடிந்துவிடும். மூன்றாவது, ஆட்டக்களம்: எந்தச் சுற்றில் என்ன நடக்கும், யார் என்ன பேசுவார், எது வெற்றி என்பதை எழுதுவது. இன்னும் சிக்கலான விதி வேண்டுமென்றால் நான்காவதாக லுவா நிரல்மொழி இருக்கிறது.

முடித்த தொகுப்பை வெஸ்னாத்தின் சேவையகத்தில் ஏற்றினால், உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் விளையாட்டின் முகப்புத் திரை வழியாகவே அதை இறக்கி ஆடலாம்.

கேமரன் மலையை வரைந்தால்?

இந்த மலைக்கு வெஸ்னாத்தின் விதிகள் நன்றாகவே பொருந்தும். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சுமார் 60 கிலோமீட்டர் சாலை ரிங்லெட், ஹாபு வழியாக தானா ராத்தாவுக்கும், பிறகு பிரிஞ்சாங்கிற்கும் போகிறது. சாலையில் போனால் வேகம், சரிவில் இறங்கினால் தாமதம். ஆட்டத்தின் முதல் விதியே இதுதானே?

தேயிலைச் சரிவை ஒரு புதிய நிலவகையாகச் சேர்க்கலாம். குன்றின் விதிகளை அதற்கு இரவல் கொடுத்தால் போதும். எந்தக் காய்க்கு எந்த நிலத்தில் எவ்வளவு நகர்வு செலவாகும் என்பதையும் நீங்களே எழுதலாம். கொழுந்து பறிப்பவருக்கு அந்தச் சரிவு 1 புள்ளி, வெளியூரிலிருந்து வந்த கணக்காளருக்கு 3 புள்ளி என்று வைத்துப் பாருங்கள். மேட்டில் உடல் பழகியவருக்கு இருக்கும் அனுபவம் ஒரே வரியில் ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

மலை மூடுபனிக்கும் வழி இருக்கிறது. வரைபடத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் தனி நேரச் சுழற்சி கொடுக்க வெஸ்னாத் அனுமதிக்கிறது. சுங்கை பாலாஸ் பக்கம் மேகம் இறங்கும்போது ரிங்லெட்டில் வெயில் அடிக்கலாம்.

சண்டை இல்லாமல் ஜெயிக்க முடியுமா?

முடியும். எதிரித் தலைவனை வீழ்த்தினால் வெற்றி என்பது இயல்பான அமைப்புதான். அதை அணைத்துவிட்டு உங்கள் இலக்கை நீங்களே வைக்கலாம். ஆயுதமே இல்லாத காயையும் உருவாக்கலாம்.

தேயிலைக்கு நேரத்தோடு இயல்பாகவே ஒரு போட்டி உண்டு. பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிக் கெட்டுப்போகும். சீக்கிரம் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்த வேண்டும். 1 கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து தேவை. ஆக, "12 சுற்றுக்குள் இத்தனை கூடை கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும், நடுவில் மழை வரலாம்" என்பதே ஒரு முழு ஆட்டம்.

விதிக்குள் ஒளிந்திருக்கும் பார்வை

கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது. வெஸ்னாத்தில் 'பெசன்ட்' என்ற உழவர் காய் இருக்கிறது. அவர் நிலை 0. நிலை 0 காய்க்குப் பராமரிப்புச் செலவு கிடையாது. பக்கத்தில் வரும் எதிரியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலும் அவருக்கு இல்லை. இந்தக் காயை அப்படியே எடுத்து, தலையில் ஒரு கூடையை மாட்டி 'தோட்டத் தொழிலாளி' என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? சம்பளம் வாங்காத, யாரையும் எதிர்த்து நிற்க முடியாத ஆள் என்று நீங்கள் சொன்னதாகிவிடும். நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும் விதி அதைத்தான் சொல்லும். நிலையை 1 ஆக்கினாலே அவருக்கு ஒரு செலவும் வரும், எதிரியைத் தடுக்கும் பலமும் வரும்.

லயங்களும் அப்படித்தான். லயத்தைக் கிராமக் கட்டமாக வைத்தால், மிதித்தவருக்கு வருமானம். உள்ளே குடியிருப்பவர்கள் எந்தப் பக்கமும் இல்லை, கைமாறும் பரிசு மட்டுமே. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தை வைத்து ஆட்டம் செய்ய நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், பல தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்புகள் வேலிக்குள் கொண்டுவரப்பட்ட காலம் அது. அந்தக் குடும்பங்களை வெறும் வருமானக் கட்டமாகக் காட்டுவதா, அவர்களுக்கென்று ஓர் இலக்கு கொடுப்பதா? ஒவ்வொரு பக்கத்துக்கும் கிராம வருமானத்தைத் தனியாக மாற்றலாம், பூஜ்ஜியமாகவும் வைக்கலாம். அந்த முடிவு உங்களுடையது.

வரைபடத்தைக் காலி நிலமாகத் தொடங்குவதும் ஒரு முடிவுதான். வில்லியம் கேமரன் இந்த மலையை அளந்தது 1885-இல். போ தேயிலை நிறுவனத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929-இல். அதற்கெல்லாம் முன்பிருந்தே செமாய் உள்ளிட்ட ஓராங் அஸ்லி மக்கள் இந்த மலைகளில் வாழ்ந்து வருகிறார்கள். முதல் சுற்றில் அவர்கள் களத்தில் இல்லையென்றால் ஆட்டம் தொடக்கத்திலேயே தவறான கதையைச் சொல்கிறது. இன்றைய தோட்டம் என்றால், தமிழர்களோடு பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்து உழைப்பவர்களும் அதில் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். கோப்புகள் யுனிகோட் முறையில் இருப்பதால் வசனங்களை நேரடியாகத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். எழுத்துகளைத் திரையில் அடுக்குவது 'பாங்கோ' என்ற நிரலகம். கொம்பும் காலும் எங்கே வர வேண்டும் என்பது அதற்குத் தெரியும். பொருத்தமான தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று முதலில் ஒரே ஒரு வரியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

இரண்டு மொழியிலும் வேண்டுமா? வசனத்தின் மேற்கோள் குறிக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால், அது மொழிபெயர்க்க வேண்டிய வரி என்று விளையாட்டு புரிந்துகொள்ளும். பிறகு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மட்டும் வரும். காயின் பெயரை விளையாட்டு தானாகவே வாக்கியத்தில் நிரப்பும். ஆங்கிலத்தில் பெயரை அப்படியே செருகினால் போதும். தமிழில் 'முத்து' என்பது 'முத்துவை' ஆகும், 'வேலன்' என்பது 'வேலனை' ஆகும். ஒரே உருபை எல்லாப் பெயருக்கும் ஒட்ட முடியாது. அதனால் பெயர் எழுவாயாக வரும்படி வாக்கியத்தைத் திருப்பி எழுதுவது நல்லது.

உரிமம் என்ன சொல்கிறது?

வெஸ்னாத்தின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவருகிறது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் மாற்றியதைப் பகிரும்போது மற்றவர்களுக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும். சேவையகத்தில் ஏற்றும் தொகுப்புகளுக்கும் திறந்த உரிமம் கட்டாயம். எனவே இணையத்தில் கண்ட படத்தையும் சினிமாப் பாட்டையும் எடுத்துப் போட முடியாது. தேயிலை நிறுவனங்களின் சின்னங்களையும் தவிர்த்துவிடுங்கள். படத்தை நீங்களே வரைவதும், ஒலியை நீங்களே பதிவு செய்வதும் பாதுகாப்பான வழி.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் பாதியில் நின்றுவிடும். முதலில் விளையாட்டோடு வரும் பயிற்சி ஆட்டத்தை முடியுங்கள். அடுத்து வரைபடத் தொகுப்பியில் 20-க்கு 20 கட்டத்தில் ஒரு சின்னக் களம் போடுங்கள்: ஒரு சாலை, ஒரு தொழிற்சாலை, நான்கு தேயிலைச் சரிவு. பிறகு ஒரே ஒரு புதிய காயைச் சேருங்கள். ஏற்கெனவே இருக்கும் காயின் கோப்பை நகலெடுத்து எண்களை மாற்றிப் பார்ப்பதுதான் சுலபமான வழி. ஓர் எழுத்து தவறினாலும் பிழைச் செய்தி வரலாம். அதில் எந்தக் கோப்பு, எந்த வரி என்று இருக்கும், பதறாமல் படியுங்கள்.

சரக்கு உற்பத்தியும் போக்குவரத்தும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் 'வைட்லேண்ட்ஸ்', நாகரிகங்களின் வளர்ச்சி என்றால் 1996-இல் வெளிவந்த 'ஃப்ரீசிவ்', பழங்காலப் போர் என்றால் மௌரியர்களும் இடம்பெறும் '0 ஏ.டி.' ஆகியவற்றையும் பார்க்கலாம். மூன்றும் இலவசம், மூன்றும் திறந்த மூலநிரல் கொண்டவை.

வரைபடத்தில் பெயர் எழுதும் கட்டம் வரும்போது, தோட்டத்தில் வேலை செய்த வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த மேட்டை, எந்த ஆற்றோரத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பிரட்டுக்கு எத்தனை மணிக்குப் போய் நின்றார்கள், எடை போடும் இடம் எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தில் இல்லாத பல பெயர்கள் அங்கேதான் கிடைக்கும்.