கிகாஹெர்ட்ஸை நம்பிய காலம்

போன வாரம் பேரன் போன் செய்தான். "தாத்தா, மூணு மானிட்டர் வெச்சு கேம் ஆடணும். ஆடும்போதே ஒரு பக்கம் காலேஜ் வேலை, இன்னொரு பக்கம் வீடியோ ஓடணும். எந்த ப்ராசஸர் வாங்கலாம்? அப்பா உங்ககிட்ட கேக்கச் சொன்னார்."

அப்பா சொன்னார் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. 2004-ல் அந்த அப்பாவுக்கு, அதாவது என் மகனுக்கு, இன்ஜினீயரிங் படிப்புக்காக பி.எஃப். லோன் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே பெரிய கிகாஹெர்ட்ஸ் எண் எழுதியிருந்த பெட்டி. அந்த எண்ணைப் பார்த்தேனே தவிர, கீழே சின்னதாக எழுதியிருந்த மெமரி அளவைப் பார்க்கவில்லை. இரண்டு புரோகிராமைச் சேர்ந்தாற்போல் திறந்தால் பெட்டி திணறும். ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும். மகன் நாலு வருஷமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிநேகிதன் வீட்டுக்குப் போய்த்தான் ப்ராஜெக்டை முடித்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று நான் ஏன் அந்த எண்ணை நம்பினேன்? அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1971-ல் அமெரிக்காவில் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிஸிகாம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கால்குலேட்டருக்காக உருவானது அது. விரல் நகத்தை விடச் சிறிய சிலிக்கானில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். பத்து வருஷம் கழித்து, 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது அதிலிருந்த 8088 சிப்பின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு நொடிக்கு 47 லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். 1985-ல் வந்த 386 சிப் 16 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. ஒரே நேரத்தில் பல டாஸ் புரோகிராம்களைத் தனித்தனியாக ஓட்டும் வசதியும் அதில்தான் வந்தது. 1993-ல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸ்.

ஒவ்வொரு தடவையும் எண் ஏறியது, வேலையும் வேகமானது. அதனால் எண்தான் வேகம் என்று உலகமே நம்பியது. 2000 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனம் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டதாக அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் அறிவித்தது. அதே வருஷக் கடைசியில் வந்த பென்டியம் 4, கடிகார வேகத்தை மேலே மேலே கொண்டுபோவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியையும் வேகமாகத் தள்ளுவது அதன் வழி. ஆனால் ஒரு துடிப்பில் முடியும் வேலையின் அளவு குறைந்துபோனது. பெரிய வாளியில் பத்து நடை நடப்பதற்குப் பதில் டம்ளரை வைத்துக்கொண்டு ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சூடுதான் தடுத்தது. 2004 மே மாதம் அடுத்த தலைமுறைச் சிப்பின் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் கைவிட்டது. அப்போதைய தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் லோன் போட்டுப் பெட்டி வாங்கியதும் அதே வருஷம்தான்!

அடுத்த வருஷமே பாதை திரும்பியது. 2005-ல் இரண்டு நிறுவனங்களும் ஒரே சிப்பில் இரண்டு கோர் வைத்து விற்றன. ஒரு சமையற்காரரை விரட்டுவதை விட்டு, இரண்டு சமையற்காரர்களை வைத்த மாதிரி. 2006-ல் வந்த கோர் 2 டியோ, குறைந்த கிகாஹெர்ட்ஸிலேயே பழைய பென்டியம் 4-ஐ வேலையில் மிஞ்சியது. 2017-ல் ஏ.எம்.டி.யின் ரைசன் எட்டு கோர்களைச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்தது. 2022-ல் அதே நிறுவனம் சிப்பின் உள்ளே இருக்கும் கேஷ் மெமரியை 96 எம்.பி.யாகப் பெருக்கி ஒன்றை வெளியிட்டது. அதன் கிகாஹெர்ட்ஸ், அதற்கு முந்தைய சிப்பை விடக் குறைவு. ஆனால் பெரும்பாலான கேம்களில் அதுதான் முந்தியது.

இத்தனையும் யோசித்த பிறகு பேரனிடம் கேட்டேன். "கேம் மூணு மானிட்டர்லயும் விரியணுமா, இல்லே நடு மானிட்டர்ல மட்டுமாடா?"

"நடுவுல மட்டும்தான் தாத்தா."

மூன்றிலும் விரிந்தால் பாரம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும். ஒரு சாதாரண ஃபுல் ஹெச்.டி. மானிட்டரில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். மூன்று என்றால் 60 லட்சத்துக்கும் மேல். நொடிக்கு 60 தடவை அத்தனையையும் வரைவது ப்ராசஸரின் வேலை இல்லை. கேமில் யார் எங்கே நகர்கிறார், எது எதில் மோதுகிறது என்று கணக்குப் போடுவதுதான் அதன் வேலை. அதற்கு ஒவ்வொரு கோரும் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், கேஷ் தாராளமாக இருக்க வேண்டும். பக்கத்து மானிட்டர்களில் ஓடும் வீடியோவையும் காலேஜ் வேலையையும் மீதிக் கோர்கள் பார்த்துக்கொள்ளும்.

"எட்டு கோர் போதும்டா கண்ணா. பதினாறுக்குப் பணம் கொட்டாதே. மிச்சத்தை கிராஃபிக்ஸ் கார்டுல போடு. தாத்தா பங்குக்கு ஒரு தொகை அனுப்பறேன்," என்றேன்.

மகன் போனை வாங்கினான். "எல்லாம் சரிப்பா. மெமரியைச் சொன்னீங்களா?"

இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பெட்டியைப் பற்றி அவன் வாயைத் திறந்தான். "32 ஜி.பி.க்குக் குறையாம போடச் சொல்லுடா," என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.