சென்னையில் தொடங்கிய வங்காளம்

மைக்கேல் மதுசூதன் தத் பற்றி வழக்கமா ஒரு கதை சொல்லுவாங்க. ஆங்கில மோகத்தில் மதம் மாறினார், ஊரை விட்டுப் போனார், ஆங்கிலத்தில் கவிதை எழுதித் தோற்றார், அப்புறம் புத்தி தெளிந்து தாய்மொழிக்குத் திரும்பினார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தபோது கதை அப்படிப் போகவில்லை.

1824இல் ஜெசூர் மாவட்டத்தில் கபோதாட்ச நதிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1843இல் கிறிஸ்தவரானார். 1848 தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியர் வேலை, பத்திரிகை வேலை, ரெபெக்காவுடன் திருமணம், குழந்தைகள் என எட்டு வருஷம் இங்கேதான் வாழ்ந்தார்.

1849இல் 'கேப்டிவ் லேடி' என்ற ஆங்கிலக் காவியத்தைச் சென்னையில் அச்சிட்டார். கல்கத்தாவில் அதைப் படித்த பெத்யூன், இந்தத் திறமையைச் சொந்த மொழியில் காட்டினால் நல்லது என்று அறிவுரை சொன்னார். அந்த அறிவுரையைத்தான் எல்லாரும் திருப்புமுனை என்கிறார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு மதுசூதன் சென்னையிலிருந்து எழுதிய கடிதங்கள். ஒன்றில், வங்காளம் மறந்துகொண்டே வருகிறது, கிருத்திவாசர் ராமாயணமும் காசிதாசர் மகாபாரதமும் அனுப்பு என்று கேட்கிறார். இன்னொன்றில் தன் தினசரி அட்டவணையைத் தருகிறார். பள்ளி வேலை போக, ஹீப்ரு, கிரேக்கம், தெலுங்கு, சமஸ்கிருதம், லத்தீன், ஆங்கிலம். வங்காளத்துக்குத் தனி நேரமே கிடையாது! ஆனாலும் இதெல்லாம் முன்னோர் மொழியை அழகுபடுத்தத்தான் என்கிறார். சும்மா பெருமைக்குச் சொன்னார்னு நினைக்கலாம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

1856 பிப்ரவரியில் கல்கத்தா திரும்பினார். கவிதைக்காகத் திரும்பவில்லை. தாய் தந்தை இருவரும் இறந்துபோயிருந்தார்கள், சொத்து உறவினர் கையில் இருந்தது. கிடைத்தது போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. 1858இல் 'ரத்னாவளி' நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். இவ்வளவு செலவு செய்து மேடையேற்ற இந்த நாடகமா என்று ஆதங்கப்பட்டு, தானே எழுத உட்கார்ந்தார். 1859இல் 'சர்மிஷ்டா' வந்தது. 1860இல் இரண்டு கேலி நாடகங்கள். அவற்றில் ஒன்றில் கிராமத்து உழவர்கள் தங்கள் பேச்சிலேயே பேசுகிறார்கள். அதே வருஷம், அடி முடிவில் இயைபு இல்லாத யாப்பு வங்காளத்துக்குச் சரிப்படாது என்ற ஜதீந்திரமோகன் தாகூரிடம் சவால்விட்டு எழுதிய 'திலோத்தமா'. 1861இல் ஒன்பது சர்க்கங்களில் 'மேகநாதவதம்'. ராவணன் பக்கம் மனம் சாயும் காவியம் அது.

மூணே வருஷம்! புத்தி தெளிந்த வேகத்தில் இதெல்லாம் வந்துவிடுமா? மேகநாதனின் கதை கிருத்திவாசருடையது, கதையை நடத்தும் முறையில் ஹோமர் தெரிகிறார், யாப்பில் மில்டன் தெரிகிறார். சென்னை அட்டவணையில் இருந்த மொழிகள்தான் கல்கத்தாவில் வங்காளமாக வெளியே வந்தன. மொழியிடம் திரும்புவது என்பது விட்ட இடத்தில் தொடர்வது இல்லை. வெளியே கற்றதையும் சேர்த்து அதை மறுபடி கற்கணும். அந்த வேலையை அவர் ஊருக்குத் திரும்புவதற்கு ஏழு வருஷம் முன்பே தொடங்கிவிட்டார்.

இதை வெறும் வெற்றிக்கதையாக்கவும் எனக்கு மனசு வரவில்லை. ரெபெக்காவும் குழந்தைகளும் சென்னையிலேயே நின்றுவிட்டார்கள், அவர் அவர்களிடம் திரும்பவே இல்லை. அவரைத் தேடிக் கல்கத்தா போனது ஹென்ரியெட்டா. ஒரு மொழி அடைந்த லாபத்தின் கணக்கில் இந்தச் சென்னைக் குடும்பத்தை யாரும் சேர்ப்பதில்லை.

ஊர் திரும்பியவர் ஊரிலேயே தங்கவும் இல்லை. 1862இல் சட்டம் படிக்க இங்கிலாந்து போனார். அப்புறம் பிரான்சில் வெர்சாய், கழுத்தளவு கடன். வித்யாசாகர் பணம் அனுப்பித்தான் பிழைத்தார். ஆனால் இந்தத் தடவை மொழி மறக்கவில்லை. வெர்சாயில் உட்கார்ந்துகொண்டு கபோதாட்ச நதியைப் பற்றி வங்காளத்தில் சானெட் எழுதினார். முதல் பயணத்தில் வங்காளப் புத்தகங்களைக் கேட்டுக் கடிதம் எழுதியவர், இரண்டாவது பயணத்திலிருந்து வங்காளத்துக்கு ஒரு புத்தகத்தையே அனுப்பினார். அது 1866இல் அச்சானது. 1873இல் இறந்தார். கல்கத்தாவில் அவர் கல்லறையில், அவரே தனக்காக எழுதிய வரிகள் வங்காளத்தில்தான் இருக்கின்றன.