லைக்கன் ஸ்க்லிரோசஸ்: சேலம், நாமக்கல் சமவெளியில்

லைக்கன் ஸ்க்லிரோசஸ் பெண்ணுறுப்பின் வெளித்தோலையும் மலவாயைச் சுற்றிய தோலையும் தாக்கும் நாட்பட்ட அழற்சி. தோல் வெளுக்கும், மெலியும், கசக்கி விரித்த தாளைப் போலச் சுருங்கும். லேசாகச் சொறிந்தாலே கீறல் விழும், ரத்தம் கட்டும். வெளுப்பு முன்னே இதழ்களையும் பின்னே மலவாயையும் சுற்றி 8 வடிவில் படர்வது இதன் அடையாளங்களில் ஒன்று. யோனியின் உட்புறத்தை இது பொதுவாகத் தொடுவதில்லை. இது தொற்றுநோய் அல்ல, சுத்தக் குறைவால் வருவதும் அல்ல. கணவனிடமிருந்து வராது, கணவனுக்கும் போகாது. மாதவிலக்கு நின்ற பெண்களிடமும் வயதுக்கு வராத சிறுமிகளிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது, இடைப்பட்ட வயதிலும் வரும். வேரோடு தீர்க்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்து உண்டு, அது மலிவானது, எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அப்படியிருந்தும் பல பெண்கள் வருடக்கணக்கில் அரிப்போடு வாழ்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

இந்த நோய்க்குப் புழக்கத்தில் தமிழ்ப் பெயர் கிடையாது. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துப் பெண்கள் இதை அரிப்பு, நமைச்சல், எரிச்சல், சூடு என்றுதான் சொல்வார்கள். மருத்துவர் முன்னால் அதுவும் சுருங்கி, “அங்க அரிக்குதுங்க” என்ற அளவில் நின்றுவிடும். “வெள்ளைப்படுதுங்களா?” என்று ஒரு கேள்வி வரும். “கொஞ்சம் படுதுங்க” என்பார் இவர். மாத்திரையும் களிம்பும் எழுதப்படும். இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும் இந்தப் பேச்சில் ஒருவரும் அந்த இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணால் பார்த்தால் அனுபவமுள்ள தோல் மருத்துவர் பெரும்பாலும் உடனே அடையாளம் காணக்கூடிய நோய் இது. சந்தேகம் இருந்தால் மரத்துப்போகச் செய்து ஒரு துளி தோலை எடுத்துச் சோதிப்பார்கள்.

வெளுப்பைக் கண்டவுடன் வெண்புள்ளி என்று பயப்படுவதும் உண்டு. வெண்புள்ளியில் நிறம் மட்டும் போகும், தோல் மென்மையாகவே இருக்கும், அரிப்பு பொதுவாக இருக்காது. இங்கே தோலின் தன்மையே மாறிவிடும். கவனிக்காமல் விட்டால் உள்ளிதழ்கள் தேய்ந்து வெளியிதழோடு ஒட்டிக்கொள்ளும், யோனிவாய் குறுகும்.

1885இல் பிரைஸ்கி என்ற மருத்துவர் இப்படிச் சுருங்கிய பெண்ணுறுப்பை விவரித்தார். 1887இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஆன்றி ஆலோப்போ இந்த நோயைத் தனியாக இனங்கண்டார். அதன்பின் நெடுங்காலம் உறுப்பின் வெளிப்பகுதியையே அறுத்தெடுப்பதும் வைத்தியமாக இருந்தது. அறுத்த இடத்தில் வேறு தோலை ஒட்டினால் அதிலும் நோய் திரும்ப வந்தது. அந்தப் பெண்கள் பட்ட பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் களிம்பும் பல ஆண்டுகள் பூசிப் பார்க்கப்பட்டது. 1991இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, மிக வீரியமான ஸ்டீராய்டான குளோபெட்டசாலின் 0.05 சதவீதக் களிம்பு நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. இன்றும் முதல் மருந்து அதுவே. நோய்க்கு மூலகாரணம் உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன் தோலையே தாக்குவது என்று கருதப்படுகிறது. தோலைத் தாங்கிப் பிடிக்கும் ஈசிஎம்1 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பல நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதை 2003இல் கண்டறிந்தார்கள். தைராய்டு கோளாறு இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால் அதையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

மருந்து ஏன் கேட்பதில்லை

“பூசிப் பாத்தாச்சுங்க, கேக்கல” என்று ஒரு பெண் சொன்னால் எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் பூசினார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வழக்கமான முறை இது: முதல் 4 வாரம் தினம் இரவு, அடுத்த 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்கடுத்த 4 வாரம் வாரத்துக்கு இரண்டு நாள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு தடவைக்கு அது போதும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 50 தடவை, அதாவது 25 கிராம். 30 கிராம் டியூப் ஒன்று கிட்டத்தட்டத் தீர்ந்திருக்க வேண்டும். ஆறு மாதமாகியும் டியூப் பாதி நிறைந்திருந்தால் மருந்து கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, மருந்து தோலுக்குப் போய்ச் சேரவில்லை.

சேராததற்குக் காரணம் பெரும்பாலும் பயம். டியூபோடு வரும் தாளில் பிறப்புறுப்பில் பூச வேண்டாம் என்று எச்சரிக்கை இருக்கும். மருந்துக்கடைக்காரர் “இது பவர் ஜாஸ்திம்மா, ரெண்டு நாளுக்கு மேல போடாதீங்க” என்பார். அவர் சொல்வது மற்ற நோய்களுக்குச் சரி. தொடையிடுக்கில் வரும் படைக்கு இதே மருந்தைக் கண்டபடி பூசி, அடங்காத படையை வளர்த்துக்கொண்டவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அதனால்தான் 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால் லைக்கன் ஸ்க்லிரோசஸுக்கு மட்டும், வெளுத்த இடத்தில் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் பூசும்போது இந்த மருந்து தோலைக் காப்பாற்றுகிறது. எழுதித் தரும் மருத்துவர் இந்த வேறுபாட்டை வாய்திறந்து சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது டியூபிலேயே இருக்கும் சிக்கல். ஒரே மருந்து ஆயின்மென்டாகவும் கிரீமாகவும் வரும். புண்பட்ட தோலுக்கு ஆயின்மென்ட்தான் ஏற்றது. கிரீமில் சேர்க்கும் பொருள்கள் எரிச்சலைக் கிளப்பும். பெயருக்குப் பின்னால் ஜிஎம் போன்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் கிருமிக்கும் பூஞ்சைக்குமான மருந்துகளும் கலந்திருக்கின்றன என்று பொருள். இந்த நோய்க்கு அவை தேவையில்லை, சிலருக்கு ஒவ்வாமையையும் கொடுக்கும்.

சரியாகப் பூசியும் அரிப்பு நிற்கவில்லையா? அப்போது வேறு ஏதோ கூட இருக்கிறது. பெரும்பாலும் பூஞ்சை. சர்க்கரை நோயுள்ளவர்களில், அதிலும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சர்க்கரை சிறுநீர் வழியே வெளியேறுவதால் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். இவர்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அந்த ஈரமே தோலை அரிக்கும். மாதவிலக்கு நின்றபின் வரும் வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு தனியாகத் தேவைப்படும். தோல் ஆறியபின்னும் எரிச்சல் மட்டும் மிச்சமிருந்தால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுப்பதுண்டு. குளோபெட்டசால் ஒத்துவராதவர்களுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு அடுத்த வழி, முதல் சில நாள் எரியும். லேசரும், சொந்த ரத்தத்தின் தட்டணுக்களை ஊசியாகப் போடுவதும் இப்போது பெரிதாகப் பேசப்படுகின்றன. 2019இலும் 2021இலும் வந்த சிறிய ஆய்வுகளில் இவை போலிச் சிகிச்சையைவிட அதிகப் பலன் தரவில்லை. நகையை அடகு வைத்து இவற்றுக்குப் போக வேண்டியதில்லை.

எந்தக் களிம்பாலும் திருப்ப முடியாதது ஒட்டிப்போன தழும்பு. அங்கே மருந்து உண்மையாகவே போதாது. யோனிவாய் குறுகி உறவே முடியாமலோ சிறுநீர் தடைபட்டோ போனால், அழற்சி அடங்கியபின் சிறு அறுவைச் சிகிச்சையால் திறந்துவிடலாம்.

அன்றாடம்

குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜலகண்டாபுரம் தறிப் பட்டறைகளில் பெண்கள் நீண்ட சிப்ட் நிற்கிறார்கள். சித்திரை மாதத்து மதியத்தில் நைலான் பாவாடையும் செயற்கை இழை நைட்டியும் வியர்வையில் உடம்போடு ஒட்டும். மரவள்ளிக் கிழங்கு உரிப்பவர்கள் குத்துக்காலிட்டு உட்காரும்போது மெலிந்த தோல் இழுபட்டு, யோனிக்கும் மலவாய்க்கும் இடையில் வெடிக்கும். கழிப்பறைக்குப் போவதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து இன்னும் எரியும். வேலையை விடு என்று இவர்களிடம் சொல்வது எளிது, செய்ய முடியாது. செய்ய முடிந்தது என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

சிறுநீர் கழிக்கும்போதே சொம்பில் தண்ணீர் எடுத்து மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் சிறுநீர் நீர்த்துப்போய் எரிச்சல் குறையும். பிறகு துடைத்துத் தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் முன் வாசலின் மெல்லியதாகப் பூசினால் வியர்வையும் உராய்வும் நேராகத் தோலில் படாது. தேங்காய் எண்ணெயும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். சோப்பு, டெட்டால், படிகாரத் தண்ணீர், மஞ்சள், வேப்பிலைக் கொதிநீர் எதுவும் அந்த இடத்துக்கு வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். அம்மாவும் மாமியாரும் அன்போடு சொன்ன வைத்தியங்கள் அவை. ஆனால் இந்தத் தோல் அவற்றைத் தாங்காது. பருத்தி உள்ளாடையை மாற்றிக்கொள்ள ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். சோப்புத்தூள் முழுதாகப் போகும்வரை அலச வேண்டும்.

அரிப்பு இரவில்தான் உச்சமாகும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, ஈரத்துணியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து ஒற்றிக்கொள்ளலாம். தூக்கத்துக்காக மருத்துவர் சில நாளைக்கு மயக்கம் தரும் அரிப்பு மாத்திரை தரலாம். தூக்கம் கெட்டு மாதங்கள் போனால் மனமும் தளரும். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

கணவனோடு உறவு வலிக்கும்போது பல பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள், அல்லது காரணம் சொல்லாமல் விலகிப் படுக்கிறார்கள். இரண்டும் வீட்டுக்குள் கசப்பை வளர்க்கும். தோல் வெடித்திருக்கும் நாட்களில் உறவு வேண்டாம் என்பது மருத்துவ அறிவுரை. அதை மருத்துவர் கணவனையும் கூப்பிட்டுச் சொன்னால் பெண்ணின் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கும்.

கண்ணாடியும் புற்றுநோயும்

சிகிச்சை பெறாத பெண்களில் நூற்றுக்குச் சிலருக்கு இந்தத் தோலில் புற்றுநோய் வருகிறது. 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. சொன்னபடி விடாமல் பூசிய 357 பேரில் ஒருவருக்கும் புற்றுநோயோ அதன் முன்னிலையோ வரவில்லை. விட்டுவிட்டுப் பூசிய 150 பேரில் 7 பேருக்கு வந்தது. தழும்பு முற்றியது முதல் குழுவில் 12 பேருக்கு, இரண்டாம் குழுவில் 60 பேருக்கு. அரிப்பு நின்றபின்னும் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் பூசச் சொல்வது இதனால்தான்.

மாதம் ஒருமுறை சிறு கைக்கண்ணாடியை வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறாத புண், கெட்டியான மேடு, சொரசொரத்த தடிப்பு, காரணமில்லாத ரத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்கிறது. அங்கே கண் உள்ளே போகிறது, வழியில் இருக்கும் வெளித்தோலை நின்று பார்ப்பதில்லை. செவிலியர்கள் அரை நிமிடம் அதையும் பார்த்தால் எத்தனையோ பேருக்கு விடிவு கிடைக்கும்.

சிறுமிகள் விஷயத்தில் கூடுதல் நிதானம் வேண்டும். ரத்தக்கட்டையும் கீறலையும் கண்டு, குழந்தைக்கு யாரோ தீங்கு செய்துவிட்டார்கள் என்று வீடு கலங்கிப்போகும். நோயாலும் இப்படி வரும். ஆனால் நோய் இருப்பதாலேயே தீங்கு நடக்கவில்லை என்றும் முடிவு கட்டக் கூடாது. குழந்தைகள் நலமும் தோலும் தெரிந்த மருத்துவர்கள் சேர்ந்து பார்க்க வேண்டியது இது. மலம் கழிக்க வலித்து அடக்கும் பிள்ளைகளுக்கு மலச்சிக்கலையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பெரியவளானதும் தானாகப் போய்விடும் என்பது எல்லோருக்கும் உண்மையல்ல.

சேலத்தில் 1986இல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான் நெடுங்காலம் இரண்டு மாவட்டத்துக்கும் பெரியாஸ்பத்திரி. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அங்கே போகும் பெண் தோல் பிரிவுக்குச் சீட்டு வாங்கி, பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். பூசிய டியூபுகளை, காலியானவையும் பாதியானவையும் எதையும் வீசாமல், ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். அவற்றை மேசைமேல் வைத்து எண்ணினால் போதும். மருந்து கேட்கவில்லையா, போதவில்லையா, வேறு மருந்தா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.