தவணைக்கு வாங்கிய கணினியில் பிறந்த லினக்ஸ்

1991 ஜனவரியில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தவணை முறையில் புதுக் கணினியொன்றை வாங்கினார். அதிலிருந்த டொஸ் அவருக்குப் போதவில்லை. கற்பித்தலுக்காக எழுதப்பட்ட மினிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையைக் காசு கொடுத்து வரவழைத்து, 16 பிளொப்பி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு நிறுவினார். அதிலும் குறைகள் தெரிந்ததால் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுதான் லினக்ஸ்.

1992இல் அதை ஜிஎன்யூ பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். யாரும் பிரதியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

நம்மூரில் புதுக் கணினிக்குக் களவுப் பிரதி போடுவது வழமையாகிவிட்டது. பெற்றோரே, பென் ட்ரைவ் ஒன்றில் லினக்ஸை எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறுவுங்கள். நிறுவ முன் அதிலிருந்தே இயக்கியும் பார்க்கலாம். பிரதியெடுக்க எழுதியவரே அனுமதி தந்திருக்கிறார், சதமும் செலவில்லை.