நினைவா, கலப்பா? சந்தை ஏற்ற இறக்கத்தையும் காற்றில் வரும் இலைமெழுகையும் வாசிப்பதில் ஒரு பொதுச் சிக்கல்

பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை யாரும் நேரடியாக அளந்ததில்லை. விலை தெரிகிறது, நேற்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. அந்த வேறுபாடு எவ்வளவு பெரிய கலக்கத்திலிருந்து வந்தது என்பது எந்தப் பலகையிலும் வருவதில்லை. ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய புல்வெளியும் காடும்கூட அப்படித்தான்: அவை போய்விட்டன, கடலடிச் சேற்றில் அவற்றின் இலைமெழுகு மட்டும் மைக்ரோகிராம் அளவில் கிடைக்கிறது. நிதிப் பொருளியலாளரும் கரிமப் புவிவேதியியலாளரும் ஒருவர் கட்டுரையை மற்றவர் தேடிப் படிப்பது அரிது. ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே வகைக் கணக்கு. காணமுடியாத ஒன்றை, அது விட்டுச்சென்ற தடயத்தைக்கொண்டு மதிப்பிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் இரு துறைகளும் ஒரே இடத்தில் எதிரெதிர்த் திசையில் சறுக்குகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். சந்தைத் தரவில், இல்லாத நினைவு இருப்பதாகத் தெரிந்துவிடுகிறது. மெழுகுத் தரவில், இருக்கின்ற நினைவு கணக்கில் சேராமல் போகிறது. மெல்லச் சரியும் ஒரு வளைகோட்டைக் கண்டதும் ‘இது மெல்ல நடந்தது’ என்று எழுதிவிடும் பழக்கமே இரண்டுக்கும் காரணம்.

சந்தையின் நினைவு

பெரிய மாற்றத்தைத் தொடர்ந்து பெரிய மாற்றமும் சிறிய மாற்றத்தைத் தொடர்ந்து சிறிய மாற்றமும் வரும் போக்கை மாண்டெல்பிராட் 1963இல் பருத்தி விலைகளை ஆராய்ந்தபோதே குறிப்பிட்டுவிட்டார். அதற்குக் கணித வடிவம் கொடுத்தவர் ராபர்ட் எங்கிள். 1982இல் வெளியான அவருடைய ‘ஆர்ச்’ கட்டுரை பங்கு விலையைப் பற்றியது அல்ல, பிரிட்டனின் பணவீக்கத்தைப் பற்றியது. இன்று அந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தும் பலருக்கு இது தெரியாது. 1986இல் டிம் பொலர்ஸ்லெவ் அதை விரிவாக்கி ‘கார்ச்’ ஆக்கினார். 2003இல் எங்கிளுக்கு, கிளைவ் கிரேஞ்சருடன் சேர்த்து, பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கார்ச் சொல்வது எளிமையானது. நாளைய விலக்க வர்க்கச் சராசரி மூன்று பகுதிகளால் ஆனது: ஒரு மாறிலி, இன்றைய விலை மாற்றத்தின் வர்க்கத்தில் ஒரு பங்கு, இன்றைக்கு மதிப்பிட்டிருந்த விலக்க வர்க்கச் சராசரியில் ஒரு பங்கு. பின்னிரண்டு பங்குகளின் கூட்டுத்தொகைதான் சந்தையின் நினைவு எனப்படுகிறது. அது 0.90 என்றால் ஓர் அதிர்ச்சி பாதியாகத் தேய ஏறத்தாழ 7 வர்த்தக நாள் ஆகும். 0.97 என்றால் 23 நாள். 0.99 என்றால் 69 நாள். பங்குக் குறியீடுகளின் தினசரித் தரவில் பல ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்து மதிப்பிட்டால் பெரும்பாலும் கிடைப்பது 1-ஐ ஒட்டிய எண். கூட்டுத்தொகை சரியாக 1 ஆகும் வகைக்கு எங்கிளும் பொலர்ஸ்லெவும் தனிப்பெயரே வைத்தார்கள். 1994இல் ஜே.பி. மார்கன் வங்கி வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறை அந்த வகையைச் சேர்ந்தது: நேற்றைய மதிப்பீட்டுக்கு 0.94 பங்கு, இன்றைய வர்க்கத்துக்கு 0.06 பங்கு, மாறிலி கிடையாது. இந்தியாவில் குறியீட்டு முன்பேர வர்த்தகம் தொடங்கும் முன், அதற்கான பிணைத்தொகையைக் கணக்கிட ஜே.ஆர். வர்மா குழு 1998இல் பரிந்துரைத்ததும் இதே 0.94தான்.

இந்தச் சூத்திரத்தை ஒரே ஒரு நாளில் வைத்துப் பார்ப்போம். 2009 மே 18, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தல் முடிவுகள் சனிக்கிழமை வந்துவிட்டன. தொங்கு மக்களவை என்ற அச்சம் தீர்ந்துவிட்டது. சென்செக்ஸ் ஏறத்தாழ 17.3 சதவீதம் மேலே பாய்ந்து, உச்சவரம்பைத் தொட்டு, அன்றைய வர்த்தகமே நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு தினசரித் திட்ட விலக்கம் 2 சதவீதம் என்று கொள்வோம்; அதன் வர்க்கம் 4. அன்றைய மாற்றத்தின் வர்க்கம் ஏறத்தாழ 300. புதிய மதிப்பீடு: 4-இல் 0.94 பங்கும் 300-இல் 0.06 பங்கும் சேர்ந்து 21.8, அதாவது திட்ட விலக்கம் 4.7 சதவீதம். அதற்குப் பிறகு சந்தை பழையபடி 2 சதவீத அளவிலேயே அசைந்தாலும், 11 வர்த்தக நாள் கழித்தும் சூத்திரம் 3.6 சதவீதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

இங்கே நினைவு யாருடையது? சூத்திரத்துடையது. சனிக்கிழமையோடு ஒரு கேள்வி முடிந்தது. திங்கட்கிழமை விலை அந்த விடைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டது. வர்க்கம் எடுத்தபோது ஏற்றம் இறக்கம் என்ற வேறுபாடும் போனது, கலக்கம் தொடங்கியதா முடிந்ததா என்ற வேறுபாடும் போனது. முதல் குறையை டேனியல் நெல்சன் 1991இல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வெவ்வேறு எடை தரும் சமன்பாட்டால் சரிசெய்தார். இரண்டாவது அப்படியே நிற்கிறது.

பெரிய ஆட்சேபம் பிரான்சிஸ் டீபோல்டிடமிருந்து 1986இலேயே வந்தது. பல கட்டங்களைக் கலந்து ஒரே தொடராக மதிப்பிட்டால், கட்ட மாற்றமே நினைவுபோலத் தோன்றக்கூடும் என்றார். லாமுரூவும் லாஸ்ட்ராப்ஸும் 1990இல் பங்கு விலைத் தரவை வைத்து இதைச் சோதித்தார்கள். கால இடைவெளிகளில் அடிப்படை அளவு மாறலாம் என்று சமன்பாட்டில் இடம் கொடுத்ததும் கூட்டுத்தொகை கணிசமாக இறங்கியது. மிகோஷும் ஸ்டாரிச்சாவும் 2004இல் இதே வாதத்தைக் கோட்பாட்டளவில் இன்னும் இறுக்கினார்கள். காரணம் புரியக் கடினமானதல்ல. ஆயிரம் நாள் அமைதி, அடுத்து ஆயிரம் நாள் கொந்தளிப்பு என்று வையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நாளுக்கு நாள் எந்தத் தொடர்பும் இல்லை. கட்டம் மாறியதைச் சூத்திரத்துக்குச் சொல்லாமல் இரண்டாயிரம் நாளையும் ஒன்றாகக் கொடுத்தால், ‘நேற்று பெரிதாக அசைந்தது, அதனால் இன்றும் அசைகிறது’ என்று நினைவைக் கூட்டித்தான் அது அந்தத் தரவை விளக்க முடியும்.

கார்ச் நன்றாகத்தானே முன்கணிக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். ஹான்சனும் லுண்டேயும் 2005இல் 330 வகைச் சமன்பாடுகளை மோதவிட்டுப் பார்த்தார்கள். டாலர்–ஜெர்மன் மார்க் மாற்று விகிதத்தில் மிக எளிய கார்ச்சை எதுவும் தெளிவாக வெல்லவில்லை. ஐபிஎம் பங்கில், ஏற்றத்தையும் இறக்கத்தையும் வேறாகப் பார்ப்பவை வென்றன. ஆனால் நாளைய எண்ணைச் சரியாகச் சொல்வது வேறு, எதனால் என்று சொல்வது வேறு. ‘இந்தியச் சந்தையின் நினைவு 69 நாள்’ என்று ஓர் ஆய்வேடு எழுதும்போது அது முன்கணிப்பைச் சொல்லவில்லை, சந்தையின் இயல்பைச் சொல்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் நிதி ஆய்வேடுகளில் பல இந்த ஒரு வாக்கியத்துக்காகவே கார்ச்சை ஓட்டுகின்றன; கட்ட மாற்றச் சோதனை பின்னிணைப்பில்கூட இருப்பதில்லை.

அளவுகோலின் சிக்கலும் இதில் சேர்ந்திருக்கிறது. ஒரு நாளின் விலை மாற்றத்தை வர்க்கப்படுத்தினால் அன்றைய உண்மையான கலக்கத்தின் இரைச்சல் மிகுந்த ஒரு தடயம்தான் கிடைக்கும். மாற்றங்கள் இயல்நிலைப் பரவலில் இருப்பதாகவே கொண்டாலும், நான்கில் ஒரு நாள் அந்த வர்க்கம் உண்மை அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நிற்கும். கார்ச் முன்கணிப்பு இந்த வர்க்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்று 1990களில் அதைக் கேலி செய்தவர்களுக்கு ஆண்டர்சனும் பொலர்ஸ்லெவும் 1998இல் பதில் எழுதினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த விலைகளைக்கொண்டு அன்றைய கலக்கத்தை அளந்தார்கள். தினசரி வர்க்கத்தை வைத்து நூற்றுக்கு ஐந்தளவில் இருந்த விளக்கத்திறன், அதே முன்கணிப்புக்கு, பாதியை நெருங்கியது. சமன்பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஒப்பிட்ட தடயம். ஏற்ற இறக்க ஆய்வில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்தவற்றுள் இதையே முதன்மையானதாக நான் கருதுகிறேன். புதிது புதிதாக முளைத்த சமன்பாட்டுப் பெயர்களை அல்ல.

மெழுகின் வயது

இலையின் மேல் நீர் நில்லாமல் உருள்வதற்குக் காரணமான மெழுகில் நீண்ட சங்கிலி ஆல்கேன்கள் உள்ளன. செடி கொழுப்பு அமிலங்களை இரண்டிரண்டு கார்பனாகக் கோத்து இரட்டை எண்ணில் நீட்டுகிறது. பிறகு ஒரு கார்பன் உதிரும்போது ஒற்றை எண் சங்கிலி உருவாகிறது. அதனால் 27, 29, 31, 33 கார்பன் கொண்டவை மிகுந்தும், அவற்றுக்கு இடைப்பட்ட இரட்டைகள் குறைந்தும் காணப்படும். பெட்ரோலியத்தில் இந்தச் சாய்வு கிட்டத்தட்ட இல்லை. பிரேயும் எவன்ஸும் 1961இல் இந்த ஒற்றை–இரட்டை விகிதத்தை ஒரு குறியெண்ணாக்கினார்கள்: பெட்ரோலியத்துக்கு 1-ஐ ஒட்டி, புதிய இலைமெழுகுக்குப் பொதுவாக 5-க்கும் மேல். சென்னை போன்ற நகரத்தின் காற்றில் எடுக்கும் மாதிரியில் வாகனப் புகையின் ஆல்கேன்கள் இலையின் ஆல்கேன்களோடு கலந்தே வரும். குறியெண் கீழே இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டீசலைத்தான்.

மெழுகு உறுதியானது. நீரில் கரையாது, எளிதில் சிதையாது. காற்றில் இலைகள் உரசும்போதும், காடு எரியும்போதும், மண் தூசியாகக் கிளம்பும்போதும் அது மேலே போகிறது. பசிபிக்கின் நடுவே, மார்ஷல் தீவுகளிலுள்ள எனிவெடாக் பவளத்தீவில் எடுத்த காற்று மாதிரிகளில் கண்டத்துத் தாவரங்களின் கொழுப்புப் பொருள்களை ககோசியனும் குழுவினரும் கண்டு 1981இல் வெளியிட்டார்கள். கோன்டேயும் வெபரும் பெர்முடாவில் பிடித்த மெழுகில், நிலத்து ஒளிச்சேர்க்கையின் ஐசோடோப்பு முத்திரை கண்டப் பரப்பின் அளவில் பதிந்திருப்பதை 2002இல் காட்டினார்கள். மரங்கள் அடங்கிய சி3 தாவரங்களின் மெழுகு ஆல்கேனில் கார்பன்-13 மதிப்பு ஆயிரத்துக்கு சுமார் −35. வெப்பமண்டலப் புற்கள் அடங்கிய சி4 வகையில் சுமார் −21. இந்த இடைவெளிதான் பழந்தாவர ஆய்வுக்கு ஆதாரம்.

இந்த எண்கள் கலப்பைச் சொல்லும். கலந்த விதத்தைச் சொல்லா. −28 என்று ஓர் அடுக்கில் கிடைத்தால், அந்த அடுக்கு படிந்த நூறாண்டு முழுவதும் பாதி மரமும் பாதிப் புல்லும் நின்றிருக்கலாம். முதல் ஐம்பதாண்டு காடும் அடுத்த ஐம்பதாண்டு புல்லுமாகவும் இருக்கலாம். காடு ஒரு பகுதியிலும் புல் வேறொரு பகுதியிலும் நிலையாக நிற்க, காற்றின் திசை மட்டும் மாறியிருக்கலாம். சந்தையில் கட்டங்கள் கலந்து நினைவாகத் தெரிந்ததன் நேர் உறவு இது. ஆனால் மெழுகில் கூடுதலாக ஒன்று இருக்கிறது: தடயத்துக்கே வயது உண்டு.

இலைமெழுகின் அடிப்படைகளை 1967இல் ஹாமில்டனுடன் சேர்ந்து தொகுத்தவர் ஜெஃப்ரி எக்ளிண்டன். அவருடைய மகன் டிமதி எக்ளிண்டனும் அதே துறைக்கு வந்தார். வடமேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் மேல் பிடித்த தூசியின் கரிமப் பொருளைத் தந்தையும் மகனும் சகாக்களுடன் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். கதிரியக்கக் கார்பன் முறையில் பார்த்தபோது, காற்றில் பறந்துகொண்டிருந்த மெழுகுக்கே பல நூறாண்டு வயது. அதோடு வந்த கரித்துகளுக்கு இன்னும் கூடுதல். இலையிலிருந்து நேராகக் காற்றுக்கு வந்த மெழுகும், மண்ணிலோ வறண்ட ஏரிப் படுகையிலோ நெடுங்காலம் கிடந்து பிறகு கிளம்பிய மெழுகும் ஒரே தூசியில் இருந்தன என்று பொருள். வங்கக் கடலின் வண்டல் விசிறியில் நடந்த பிந்தைய ஆய்வுகள், ஆறு கொண்டுவரும் நிலத்துக் கரிமம் மண்ணில் ஆயிரமாண்டு அளவில் தங்கிவிட்டே கடல் சேர்கிறது என்று காட்டின.

விளைவைக் கணக்காகப் பார்க்கலாம். மெழுகு மண்ணில் சராசரி 1000 ஆண்டு தங்குகிறது, ஒவ்வோர் ஆண்டும் இருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது என்று கொள்வோம். ஒரு வறட்சியில், ஒரே தலைமுறைக்குள், காடு புல்வெளியாகிறது. கடலடியில் பதியும் எண் அந்த மாற்றத்தில் பாதியைக் காட்டவே ஏறத்தாழ 700 ஆண்டு ஆகும். படிவில் தெரிவது மெல்ல வளையும் ஒரு கோடு. மேலே சொன்ன 0.94 சூத்திரம் வரையும் கோட்டுக்கும் இதற்கும் கணித வடிவம் ஒன்றே. நாள் இருந்த இடத்தில் ஆண்டு. சந்தையில் அந்தத் தேய்மானத்தைச் சூத்திரம் நுழைத்தது. இங்கே மண் நுழைத்திருக்கிறது, ஆய்வாளர் அதைக் காலநிலையின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

கோதாவரி முகத்துவாரத்துக்கு எதிரே எடுத்த கடலடிப் படிவை வைத்து பொன்டனும் குழுவினரும் 2012இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 4000 ஆண்டுக்கு முன் தொடங்கி 1700 ஆண்டுக்கு முன்வரை, வறட்சி தாங்கும் தாவரம் நடு இந்தியாவில் படிப்படியாகக் கூடியது. திசையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அது வேறு சான்றுகளோடும் பொருந்துகிறது. என் கேள்வி ‘படிப்படியாக’ என்பதைப் பற்றியது. தக்காணத்தில் கற்காலத்துக்குப் பிந்தைய ஊர்களின் குடிப்பெயர்ச்சியை இந்த வளைகோட்டோடு பொருத்திப் பேசுவதற்கு அந்த ஒரு சொல் மிக முக்கியம். மெல்ல வந்த வறட்சிக்கு ஒரு சமூகம் பழகிக்கொள்ளும் விதம் வேறு, திடீரென வந்ததற்கு வேறு.

எங்கே பிரிகின்றன

இரு துறைகளுக்கும் ஒரே மருந்து போதாது. சந்தையில் தடயத்தை நெருக்கமாக எடுக்கலாம்: தினசரி விலை போதாவிட்டால் ஐந்து நிமிட விலை இருக்கிறது, தேர்தல் முடிவு வந்த தேதியும் வட்டி விகிதம் அறிவித்த தேதியும் செய்தித்தாளில் இருக்கின்றன. கட்ட மாற்றத்தை ஊகிக்கத் தேவையில்லை. தேதியைக் கொடுத்துச் சோதிக்கலாம். கட்டங்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் வரும் இரண்டு கூட்டுத்தொகைகளையும் அருகருகே வெளியிடுவதற்கு ஒரு பிற்பகல் வேலைகூட ஆகாது.

மெழுகில் நெருக்கமாக எடுத்தாலும் பயனில்லை. பத்தாண்டுக்கு ஒன்றாக மாதிரி வெட்டினாலும் ஒவ்வொன்றிலும் பல நூற்றாண்டு மெழுகு கலந்தே இருக்கும். அங்கே தேவை வேறொரு கடிகாரம்: படிவின் வயதை மிதவை உயிரிகளின் ஓட்டிலிருந்து எடுப்பதோடு, மெழுகு மூலக்கூறின் வயதையும் தனியே எடுப்பது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மண்ணில் தங்கிய காலம். இதற்குப் போதிய மெழுகு வேண்டும், ஆல்கேன்களைத் தனித்தனியே பிரித்துச் சேர்க்க வேண்டும், செலவும் அதிகம். ஒரு படிவுத் தண்டில் சில அடுக்குகளுக்கு மேல் யாராலும் செய்ய முடிவதில்லை.

அந்தச் சில அடுக்குகளைத் தண்டு முழுதும் சம இடைவெளியில் பரப்புவதைவிட, வளைகோடு திரும்பும் இடத்துக்கு முன்னும் பின்னும் வைப்பதே மேல். தங்கிய காலம் முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால், மண்ணின் நினைவைக் கழித்துக் கோட்டைக் கூர்மையாக்கிவிடலாம். திரும்பும் இடத்தில் அது திடீரெனக் கூடியிருந்தால் கதையே வேறு: காடழித்து உழுத நிலத்தின் ஆழ்மண் அரித்து, பழைய மெழுகு ஆற்றில் இறங்கியிருக்கும். அப்போது கடலடியில் வளைந்திருப்பது தாவரத்தின் கோடா, உழவின் கோடா என்பதை ஐசோடோப்பு மட்டும் தீர்க்காது.